மூச்சுக்கு ஒரு துருத்தி



மார்த்தாண்டத்தில் நான் சிறுவனாயிருந்தபோது, சந்தைக்குச் செல்லும் வழியில் ஒரு கொல்லன் உலை உண்டு. துருத்தி விரிந்தால் காற்றை இழுக்கும். அமுங்கினால் காற்று உலைக்குள் பாயும். நம் மார்பும் அத்தகையதே. மார்புக் கூட்டின் அடியிலுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழிறங்க, மார்பு விரிகிறது. காற்று தானே உட்புகுகிறது. வளர்ந்த ஒருவர் அமைதியாயிருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை, முறைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை உள்வாங்குகிறார். அந்தத் தசை ஓய்ந்துவிட்டால் என் செய்வது?

கட்டுவிரியனை எண்ணிப் பாருங்கள். இரவில் தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. சில மணி நேரத்தில் இமைகள் தொங்கும்; பேச்சுக் குழறும்; விழுங்க இயலாது; முடிவில் மூச்சுத் தசைகளும் செயலற்றுப் போகும். நச்சுமுறிவு மருந்து இரத்தத்தில் உலவும் நஞ்சைக் கட்டும். நரம்பு முனைகளில் நேர்ந்துவிட்ட சேதத்தை அது மீட்காது. அம்முனைகள் தாமே தேற நாட்கள் வேண்டும். அந்நாட்கள் வரை மூச்சை நடத்திக் கொடுப்பதே செயற்கைச் சுவாசக் கருவியின் பணி. அப்படிக் கிடப்பவர் கண் திறவார், விரல் அசைக்கார். ஆயினும் நினைவும் செவியும் தெளிவாயிருக்கலாம். உயிர் போயிற்றென்று அவரை வீட்டுக்கு எடுத்துச் செல்வது பெரும் பிழை.

முற்காலத்தில் நோயாளியைக் கழுத்துவரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடத்தி, பெட்டியின் காற்றழுத்தத்தைக் குறைத்து மார்பை விரியச் செய்தனர். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் அத்தகைய பெட்டி ஒன்றே இருந்தது. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் வேறு வழி கண்டார். குரல்வளைக்குக் கீழே துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றை உட்செலுத்தினார். பையை இரவும் பகலும் முறைவைத்து அமுக்கியவர்கள் சுமார் 1,500 மாணவர்கள். ஏறக்குறைய உங்கள் வயதினர்தாம்! இன்றைய கருவிகள் அக்கைகளின் வேலையையே செய்கின்றன.

ஆனால் தள்ளப்படும் காற்றுக்கு அளவு வேண்டும். நோயுற்ற நுரையீரலில் மிகுதியாகச் செலுத்தினால் அது மேலும் புண்படும். உயரத்தைக் கொண்டு கணித்த எடையில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் செலுத்தியபோது, இறப்பு நூற்றுக்கு 40இலிருந்து 31ஆகக் குறைந்ததென 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

குழாயின்றி, முகமூடி வழியே காற்றை ஊட்டும் முறையும் உண்டு. புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டு மூச்சுத் திணறுவோருக்கு அது பேருதவி. அவர் விழித்திருந்து, தாமே மூச்சிழுத்து, இருமிச் சளியைத் துப்ப வல்லவராயிருக்க வேண்டும். விழுங்க இயலாத பாம்புக்கடி நோயாளிக்கு அது பொருந்தாது. வாய்நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவருக்குக் குழாயே வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்சில், பயிற்சி பெற்ற ஒருவர் கையில் அந்தப் பை இருந்தால், ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை, மார்பு எழுவது கண்ணுக்குத் தெரியுமளவே அவர் அமுக்குவார். அதற்குமேல் அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய்விடும்.