எழுத்துக்கு நிழலும் ஒளியும் தரும் லேயர் ஸ்டைல்கள்

போட்டோஷாப்பில் ஒரு லேயரில் உள்ள உருவத்தின் விளிம்பைக் கொண்டு நிழல், ஒளிர்வு, புடைப்பு, கரை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி லேயர் ஸ்டைல். பிரஷ்ஷால் தீட்டிய நிழல் பிக்சல்களாகப் பதிந்துவிடும். லேயர் ஸ்டைல் தரும் நிழல் உருவத்தைவிட்டுப் பிரியாது. எழுத்தை நகர்த்தினால் கூடவே நகரும்; சொல்லையே மாற்றினாலும் புதிய சொல்லின் வடிவத்தில் விழும். லேயர் பேனலில் ஸ்டைலுக்குரிய கண் குறியை அணைத்துவிட்டால் மூல உருவம் பழையபடி இருக்கும்.

1990இல் வெளிவந்த போட்டோஷாப்பில் முதலில் லேயர்களே கிடையாது. 1994இல் வந்த 3.0 பதிப்பில்தான் அவை சேர்ந்தன. அதுவரை ஓர் எழுத்துக்கு நிழல் வேண்டுமென்றால் அதன் வடிவத்தைத் தனிச் சேனலில் நகலெடுத்து, மங்கலாக்கி, சற்றே நகர்த்தி, கறுப்பு நிரப்ப வேண்டும். 1998இல் 5.0 பதிப்பு நிழலையும் புடைப்பையும் லேயரோடு இணைத்தது. 2000இல் வந்த 6.0 பதிப்பு அவற்றை விரிவாக்கி, ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

பத்து வகைகள்

அந்தப் பெட்டியில் உள்ளவை பத்து. டிராப் ஷேடோ, அவுட்டர் குளோ இரண்டும் விளிம்புக்கு வெளியே செயல்படுபவை. இன்னர் ஷேடோ, இன்னர் குளோ, சாட்டின் மூன்றும் உள்ளே செயல்படுபவை. கலர், கிரேடியன்ட், பேட்டர்ன் ஓவர்லேக்கள் உருவத்தின் மேல் நிறத்தையோ கோலத்தையோ போர்த்துகின்றன. விளிம்பில் கரை கட்டுவது ஸ்ட்ரோக்; புடைப்பைத் தருவது பெவல் அண்ட் எம்பாஸ்.

நிழலின் தோற்றத்தை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஆங்கிள், ஒளி வரும் திசை. 120 டிகிரி என்றால் இடது மேற்புறத்திலிருந்து ஒளி வருகிறது, நிழல் வலது கீழ்ப்புறம் விழும். டிஸ்டன்ஸ், நிழல் விலகும் தூரம். சைஸ், விளிம்பின் மங்கல். ஸ்பிரெட், மங்குவதற்கு முன் நிழல் பருக்கும் அளவு. டிஸ்டன்ஸும் சைஸும் சேர்ந்து கூடினால் உருவம் தளத்தைவிட்டு உயர்ந்து நிற்பதாகத் தோன்றும்.

ஒரு படத்துக்கு ஒளி ஒரே திசையிலிருந்து வருவதே இயல்பு. 'யூஸ் குளோபல் லைட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா லேயர்களின் நிழலும் புடைப்பும் ஒரே கோணத்தைப் பின்பற்றும். பின்னணியில் புகைப்படம் இருந்தால், அதில் இருப்பவரின் முகத்தில் ஒளி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தே அந்தக் கோணத்தை வைக்க வேண்டும்.

நிழலுக்கு மல்டிப்ளை என்ற பிளெண்ட் மோட் பொருந்தும். அது இரு பிக்சல் மதிப்புகளைப் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. பின்னணி 200, நிழல் 128 என்றால் விடை ஏறத்தாழ 100. நிறம் இருண்டாலும் பின்னணியின் இழைநயம் மறையாது. ஒளிர்வுக்கு இதன் எதிர்க் கணக்கான ஸ்கிரீன் பொருந்தும்.

தமிழ் எழுத்தும் கரையும்

ஸ்ட்ரோக்கை விளிம்புக்கு வெளியே, உள்ளே, நடுவே என மூன்று இடங்களில் வைக்கலாம். தமிழ் எழுத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. புள்ளிக்கும் எழுத்துக்கும் இடைவெளி 6 பிக்சல் என்றால், வெளிப்புறம் 3 பிக்சல் கரை வைத்த உடனே இரு பக்கக் கரைகளும் ஒட்டிக்கொள்ளும். ண, ஞ போன்றவற்றின் சுழிகளும் அடைபடும். எழுத்து அளவைக் கூட்டுவது, கரையை மெலிதாக்குவது, கரைக்குப் பதில் மென்நிழல் தருவது ஆகியவை இதற்கு வழிகள். எந்த அலங்காரமும் வாசிப்பைக் கெடுக்கக் கூடாது.

ஒபாசிட்டியைக் குறைத்தால் உருவமும் அதன் ஸ்டைல்களும் சேர்ந்தே மங்கும். ஃபில் அளவைப் பூஜ்யமாக்கினால் உருவத்தின் உடல் மட்டும் மறைந்து, புடைப்பும் நிழலும் எஞ்சும். கண்ணாடி எழுத்துகளும் புகைப்படத்தின் மேல் இடும் வாட்டர்மார்க்கும் இந்த முறையில் உருவாகின்றன.

லேயரை மட்டும் சிறிதாக்கும்போது ஸ்டைலின் பிக்சல் அளவுகள் தாமாகக் குறையாது. மெலிந்த எழுத்தில் பழைய தடித்த கரையே நிற்கும். 'ஸ்கேல் எஃபெக்ட்ஸ்' கட்டளையால் அதைச் சரிசெய்யலாம். ஜேபெக் கோப்பில் லேயர்கள் ஒன்றாகிவிடுவதால், பின்னர் திருத்த வேண்டிய வேலையைப் பிஎஸ்டி கோப்பாகவும் சேமித்து வைக்க வேண்டும்.