பொம்மை டாங்கிக்குப் பெயின்ட்... பையனுக்கு வீஸிங்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து, தெருவே குட்டித் தூக்கம் போடுகிற நேரம். எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து மட்டும் 'டர்ர்ர்...' என்று ஒரு சத்தம் கேட்கும். "ஆரம்பிச்சாச்சா அப்பாவும் பிள்ளையும்?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சத்தம் போடுவது ஒரு குட்டிக் கம்ப்ரெஸர். அதிலிருந்து வரும் டியூபின் முனையில், பேனா போலப் பிடிக்கிற ஏர் பிரஷ். அதற்கு எதிரே ஒரு சாண்கூட நீளமில்லாத பிளாஸ்டிக் டாங்கி!

"நாற்பத்தாறு வயசுல பொம்மை விளையாட்டா?" என்றுதானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். ஆனால், இந்தப் பொம்மை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

செல்போனிலிருந்து டாங்கிக்கு...

ஒன்பதாவது படிக்கிற என் பையன் செல்போனே கதி என்று கிடந்தான். திட்டிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். ம்ஹும்! எங்கள் வீடு ஆவடிக்குப் பக்கத்தில். ராணுவ டாங்கி தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிற ஊர் என்பதால், சின்ன வயதிலிருந்தே அவனுக்கு டாங்கி என்றால் உயிர். அவன் பிறந்தநாளுக்கு ஜப்பானின் தமியா கம்பெனி டாங்கி செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நிஜ வண்டியின் அளவில் 35-ல் ஒரு பங்கு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் டாங்கியின் உடல், பீரங்கிக் குழாயைச் சேர்க்காமல், 6.3 மீட்டர். பெட்டியிலிருந்து வந்ததோ 18 சென்டிமீட்டர்!

ஒட்டி முடித்தோம். பிரஷ்ஷால் வண்ணம் பூசினால் கோடு கோடாகத் தடம் விழுந்தது. "ஏர் பிரஷ் இருந்தாத்தாம்ப்பா ஒரிஜினல் மாதிரி வரும்" என்றான். வாங்கினேன். பிடித்தது பைத்தியம்!

மூணு கலர் ரகசியம்

டாங்கிக்கு ஏன் இந்தத் திட்டுத் திட்டான வண்ணம்? எதிரி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணோடும் மரத்தோடும் கலந்துவிடத்தான். முதல் உலகப் போரின்போது, 1915-ல், பிரெஞ்சு ராணுவம் இதற்கென்றே ஓவியர்களைச் சேர்த்து ஒரு தனிப் பிரிவு தொடங்கியது. தலைமை தாங்கியவரும் கீரான் த ஸெவொலா என்ற ஓவியர்தான்!

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் ஒரு புது உத்தரவு போட்டது. டாங்கி தொழிற்சாலையிலிருந்து அடர் மஞ்சள் நிறத்தில் வரும். பச்சையும் செம்பழுப்பும் களிம்பு போலத் தகர டப்பாவில் கூடவே வரும். தண்ணீரோ பெட்ரோலோ ஊற்றிக் கரைத்து, போர்க்களத்தில் வீரர்களே ஸ்ப்ரே அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் கெட்டியாகக் கரைப்பார், இன்னொருவர் தண்ணியாகக் கரைப்பார். அதனால்தான் ஒரு வண்டியைப் போல இன்னொரு வண்டி இருந்ததில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? கொஞ்சம் கோணலானாலும் தப்பில்லை!

ஆனால் ஓரம் மட்டும் சரியாக வர வேண்டும். நிஜ டாங்கியில் ஸ்ப்ரேயின் ஓரம் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலாகப் பரவியிருந்தால், நம் பொம்மையில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குள் முடிய வேண்டும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

கை பழகின கதை

ஏர் பிரஷ்ஷின் மேலே ஒரு விசை. கீழே அழுத்தினால் காற்று வரும். அப்படியே பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். கேட்க சுலபம். முதல் நாள் நான் ஒரே இழுப்பாக இழுத்ததில், பெயின்ட் எட்டுத் திக்கும் ஓடி சிலந்தி கால் விரித்த மாதிரி ஆனது. "அப்பா, இது டாங்கி இல்ல, எட்டுக்கால் பூச்சி!" என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு பழைய பேப்பரில் பயிற்சி. முதலில் புள்ளிகள். புள்ளி வசமானதும் கோடு. அப்புறம் ஐஸ்க்ரீம் ஸ்பூன்களில் வளைவு. பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ. சுமாருக்கு இருந்தால் போதும். மெல்லிய கோட்டுக்குக் கிட்டே போக வேண்டும், அப்போது அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தூரத்தில் பிடித்து அடித்தால், பெயின்ட் காற்றிலேயே காய்ந்து ரவை தூவின மாதிரி சொரசொரப்பாகிவிடும். முக்கியமாக, ஒரே அடியில் மூடப் பார்க்கக் கூடாது. மெலிதாக ஒரு தடவை, காய்ந்ததும் இன்னொரு தடவை. அவசரக்காரனுக்கு இது ஆகவே ஆகாது!

இரண்டு மணி நேரம் பையன் செல்போனைத் தொடவில்லை. நானும் ஆபீஸ் கவலையை மறந்தேன். வீடே சந்தோஷப்பட்டது... மூன்று வாரம்தான்!

ராத்திரி இரண்டு மணிக்கு...

அந்த ஞாயிறு இரவு பையனுக்கு இருமல். இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டான். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம். சின்ன வயதில் அவனுக்கு வீஸிங் இருந்தது. ஏழு வருஷமாகத் தலைகாட்டாததால் போயே போச்சு என்று நினைத்திருந்தோம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மனைவிக்கு உயிரே இல்லை.

நெபுலைசர் வைத்து, மூச்சு சீரான பிறகு டாக்டர் கேட்டார்: "வீட்டுல பெயின்ட் வேலை ஏதாவது நடக்குதா?"

"இல்லையே டாக்டர்" என்றேன்.

மாஸ்க்கை விலக்கிவிட்டு பையன் சொன்னான்: "அங்கிள், நாங்க டாங்கிக்கு ஸ்ப்ரே அடிக்கிறோம்."

எனக்குச் சுரீர் என்றது. தூசி வரக் கூடாதென்று ஜன்னலை மூடி, காற்று கலைக்கக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டல்லவா அடித்துக்கொண்டிருந்தோம்! அதுவும் கார் பெயின்ட் கடையில் வாங்கிய தின்னர் ஊற்றி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "பிரஷ்ல தடவினா பெயின்ட் பொருள் மேலேயே தங்கிடும். ஸ்ப்ரே அடிச்சா பனி மாதிரி காத்துல கலந்துடும். பெரிய துளியை மூக்கு தடுத்துடும். பத்து மைக்ரானுக்கும் சின்னதா இருக்கிற துளி உள்ளே போயிடும். தலைமுடியோட பருமனே ஏறக்குறைய எழுபது மைக்ரான்னா பாத்துக்குங்களேன். அது போக, தின்னர் ஆவி வேற. பெரியவங்களுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, கண்ணெரிச்சல் வரும். வீஸிங் உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழல் சுருங்கிடும்."

"நாங்க மாஸ்க் போட்டுக்குவோமே டாக்டர்... கொரோனா சமயத்துல வாங்கின என்-95."

"அது துளியைத் தடுக்கும் சார், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குன்னு கரி நிரப்பின கேட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் தனியா இருக்கு. சரி, ஏர் பிரஷ்ஷைக் கழுவும்போதும் மாஸ்க் போட்டுக்குவீங்களா?"

நான் விழித்தேன். வேலை முடிந்ததென்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, வெறும் தின்னரை ஊற்றி ஊற்றிக் காற்றில் பீய்ச்சியல்லவா கழுவினோம்! அதிக ஆவி கிளம்புவதே அப்போதுதானாம்.

ஒன்றரை மில்லிமீட்டருக்கு அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்ட நான், பக்கத்தில் நின்ற பிள்ளையின் மூச்சைக் கவனிக்கவில்லை.

விட்டோமா? இல்லை!

"எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடறேன்" என்றாள் மனைவி. நியாயம்தான். பையன் முகம் சுருங்கிவிட்டது. டாக்டர்தான் வழி சொன்னார்: "பொழுதுபோக்கு நல்லதுதாம்மா. முறையை மாத்துங்க. ஸ்ப்ரே அடிக்கிறப்ப பையன் அந்த ரூம்லயே இருக்கக் கூடாது."

தின்னர் பெயின்ட்டை நிறுத்தினோம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு மாறினோம். இதிலும் துளி பறக்கும் என்பதால் மாஸ்க் உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திய ஒரு பெட்டி செய்து, குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். பெட்டிக்குள்தான் ஸ்ப்ரே. முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஃபேன் ஓடும், கதவு மூடியிருக்கும்.

பையனுக்கு வேலை இல்லையா? முக்கிய வேலையே அவனுடையதுதான். காகிதத்தில் டாங்கியின் நாலு பக்கமும் வரைந்து, எங்கே பச்சை, எங்கே பழுப்பு என்று தீர்மானிப்பான். டாங்கி மேல் பென்சிலால் லேசாக எல்லை போட்டுத் தருவான். நான் உள்ளே ஊதுவேன். காய்ந்ததும் சக்கரம், கோடாரி, சங்கிலி எல்லாம் அவன் சின்ன பிரஷ்ஷால் தீட்டுவான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, அவர் சொன்ன முறைப்படி விடாமல் எடுத்துக்கொள்கிறான். எட்டு மாதமாக ராத்திரி விசில் இல்லை. போன வாரம் டைகர் டாங்கி ஷோகேஸ் ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "டாங்கியை எதிரி கண்ணுல படாம மறைக்கப் பாத்தோம். நம்ம எதிரி அந்த ரூம் காத்துலயே மறைஞ்சிருந்திருக்கான், இல்லப்பா?"

உங்கள் வீட்டில் ஏர் பிரஷ் இருக்கிறதா?

* வீஸிங், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஸ்ப்ரே அடிக்கும் அறையில் இருக்க வேண்டாம்.

* காருக்கு அடிக்கிற, ஹார்டனர் கலக்கும் இரட்டை பெயின்ட் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் புதிதாகவே ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும்.

* தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் கூடாது. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரின் பொறிகூடப் போதும்.

* கேட்ரிட்ஜ் மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி விழும். மாஸ்க்கையும் மீறி வாசனை வந்தால், உடனே நிறுத்திவிட்டு கேட்ரிட்ஜை மாற்றுங்கள்.

* ஏர் பிரஷ்ஷைக் காற்றில் பீய்ச்சிக் கழுவாதீர்கள். மூடியுள்ள ஜாடிக்குள் பீய்ச்சுங்கள். மாஸ்க்கைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

* தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

* வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முறுக்கு, காபி எல்லாம்!