98 சென்டிமீட்டர் விருந்தாளி

டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி ஓவியம். அதன் கழுத்து நெடுக அளவுக் கோடுகள். 140 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரியவர் டிக்கெட். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என் மூத்தவன் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நின்றான். “முட்டியை லேசா மடிச்சுக்கோடா கண்ணா” என்று அவன் காதில் ஓதினார் என் மாமியார். அவன் நெஞ்சை இன்னும் நிமிர்த்திக்கொண்டான். பெரியவர் டிக்கெட் ஒன்று கூடியது.

இரண்டு மணி நேரம் கழித்து, உள்ளே ஒரு குட்டி ரயில் ரைடின் வாசல். அங்கே ஒரு மீட்டரில் கோடு. மூன்றரை வயதுச் சின்னவள் 98 சென்டிமீட்டர். “கொஞ்சம் எக்கி நில்லுடி தங்கம்” என்றார் அதே மாமியார். அவளும் நுனிக்காலில் எக்கினாள். கேட்டில் நின்ற இளைஞர் குனிந்து அவள் குதிகாலைப் பார்த்தார், சிரித்தார். “பாப்பா, அடுத்த வருஷம் வாங்க.” அதற்கப்புறம் அவள் அழுத அழுகையில் அக்கம்பக்கத்து வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

காலையில் ஒருவனைக் குட்டையாக்கப் பார்த்தோம். மதியத்துக்குள் ஒருத்தியை நெட்டையாக்கப் பார்த்தோம். என் கணவரின் செல்போனில் 23 ரைடுகள் கொண்ட பட்டியல் இருந்தது. எது எங்கே, எந்த வரிசையில் என்று முந்தின இரவு உட்கார்ந்து போட்டது. மாலை வரை நாங்கள் முடித்தது ஆறு. வீடு திரும்பும் காரில் ஐந்து பேர் ஐந்து திசையில் பார்த்துக்கொண்டு வந்தோம்.

இப்போது யோசித்தால் புரிகிறது. கொடுத்த காசை எப்படி வசூல் செய்வது என்பதற்குத்தான் அந்தப் பட்டியல். குழந்தைகளுக்கான திட்டம் எங்களிடம் இருக்கவே இல்லை. சின்னக் குழந்தையோடு தீம் பார்க் போகிறவர்கள் திட்டத்தை அந்தக் குழந்தையின் காலில் இருந்து தொடங்க வேண்டும். அதன் உயரம், தூக்கம், பசி, சிறுநீர் ஆகிய நான்கும்தான் அன்றைய அட்டவணை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா

இந்தப் பூங்காக்களின் கதையே சலிப்பில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பாவிடம் தொடங்குகிறது. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க் ராட்டினத்துக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருக்க, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில் வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அன்றைக்குக் கொளுத்தும் வெயில். புதுத் தார் இளகிப் பெண்களின் ஹை ஹீல்ஸ் புதைந்தது. பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. தீம் பார்க் என்றதும் முதலில் கவலைப்பட வேண்டியது வெயிலையும் தண்ணீரையும் பற்றித்தான் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டது.

நமக்குத் தீம் பார்க்குக்கு முன்பே ராட்டினம் உண்டு. கோயில் திருவிழாவில் ஆள் தள்ளிச் சுற்றும் குடை ராட்டினம், தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம், இறங்கியதும் முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம். அங்கே யாரும் உயரம் அளந்ததில்லை. அப்பா மடிதான் சீட் பெல்ட். பிறகு விஜிபி பூங்கா வந்தது. அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க ஒரு தலைமுறையே முயன்று தோற்றது. இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். கொச்சியில் 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய வொண்டர்லா 2005இல் பெங்களூரை அடுத்த பிடதிக்கும், 2025 டிசம்பரில் சென்னை ஓஎம்ஆரில் திருப்போரூர் பக்கமும் வந்துவிட்டது. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்து பிளாக் தண்டர். இடத்துக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக் கதவில் அளந்துவிடுங்கள்

கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு ஒரு பென்சிலும் டேப்பும் போதும். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, குழந்தையின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் 95-96 சென்டிமீட்டர், நான்கு வயதில் 103, ஐந்தில் 110ஐ ஒட்டி. பத்து, பதினோரு வயதில் 140 வரும். நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான். வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தைகள் கட்டணம். வெளிநாட்டில் கணக்கு வேறு. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் மூன்று வயதுக்குக் கீழே இலவசம். உள்ளே போனபிறகு ரைடுக்கு மட்டும் உயரம். அங்கே ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டனுக்கு 102, பிக் கிரிஸ்லி மவுன்டனுக்கு 112 சென்டிமீட்டர் வேண்டும்.

“ரெண்டு சென்டிமீட்டர்தானே சார், விடுங்களேன்” என்று அன்று என் கணவரும் கெஞ்சிப் பார்த்தார். விடாததற்கு அந்த இளைஞருக்குப் பிறகு மனதுக்குள் நன்றி சொன்னேன். மடியை அழுத்தும் கம்பியும் தோளைப் பிடிக்கும் பூட்டும் ஒரு குறிப்பிட்ட உடம்பளவுக்குச் செய்தவை. சின்ன உடம்பு அவற்றின் இடுக்கில் நழுவிவிடும். தவிர, பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மூன்று நான்கு வயதில்கூட, இளம் கழுத்துக்கு அந்தத் தலை பாரம்தான். வண்டி வெட்டித் திரும்பும்போது அடி வாங்குவது கழுத்து.

உயரம் தெரிந்துவிட்டால் பூங்காவின் வலைத்தளத்தைப் பார்த்து, குழந்தை ஏறக்கூடியவற்றை மட்டும் குறித்துவைக்கலாம். ஏற முடியாததைப் பற்றி வீட்டிலேயே பேசிவிட வேண்டும். வாசலில் வைத்து “இல்லை” என்றால் எந்தக் குழந்தையும் அழும். பெற்றோர் இருவருக்கும் ரோலர் கோஸ்டர் ஆசை இருந்தால் முறைபோட்டுக்கொள்ளலாம். ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏற, டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் ஏற்பாடே உண்டு. நம் ஊரில் ரைடு இயக்குபவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வரிசையைத் தாண்டிப் போகும் விலை கூடிய டிக்கெட் மட்டும் இந்த வயதுக்காரர்களின் வீட்டுக்கு அநேகமாக வீண். குட்டி ரைடுகளில் அவ்வளவு நீள வரிசை இருக்காது.

என்றைக்குப் போவது?

மே மாதமும் காணும் பொங்கலும் ஊரே போகிற நாட்கள். எல்கேஜி போகாத குழந்தை மட்டும்தான் வீட்டில் என்றால் உங்களைப் போல் பாக்கியசாலி இல்லை. பள்ளி நடக்கும் ஒரு செவ்வாயோ புதனோ போதும். வெயில் தணிந்த ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் சென்னைப் பக்கம் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. இடி, பலத்த காற்று என்றால் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மாற்றமுடியாத தேதிக்கு டிக்கெட் எடுக்கும் முன் வானிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

போகிற நாளை நாங்கள் இப்போது இப்படிப் பிரிக்கிறோம். கதவு திறக்கும்போதே உள்ளே. உலர் ரைடுகளை வெயில் ஏறும் முன் முடித்துவிடுவது. பதினொன்றரைக்கே சாப்பாடு, ஒரு மணிக்கு உணவகத்தில் டோக்கன் வாங்க நிற்பவர்களைப் பார்த்தால் இந்த ஒன்றரை மணி நேரத்தின் அருமை தெரியும். பிறகு நிழலில் ஒரு மணி நேரம். மதியம் தூங்கிப் பழகிய குழந்தையை அன்று மட்டும் தூங்கவிடாமல் வைத்திருப்பதைப் போன்ற தவறு வேறில்லை. தண்ணீர் விளையாட்டு வெயில் சாய்ந்தபிறகு. அலைக்குளத்துக்கும் மழை நடனத்துக்கும் பல இடங்களில் நேர அட்டவணை இருக்கும், நுழையும்போதே கேட்டுவைக்கலாம். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவது. “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று கேட்கும்போதே வெளியே வந்தால் சிரித்த முகத்தோடு வீடு போகலாம்.

பையில் என்ன?

நம் ஊர்த் தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்தி உடையோடு குளத்தில் இறங்கவிட மாட்டார்கள். நூலும் பஞ்சும் பிரிந்து வடிகட்டிகளை அடைத்துக்கொள்ளும் என்பதால் நைலான் மாதிரித் துணிதான். வாசலில் வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும் குழந்தைக்கு வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. வாங்கும்போது நீலத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளத்துத் தண்ணீருக்குள் நீல உடை கண்ணுக்கே தெரியாது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு தூரத்திலிருந்தும் தெரியும்.

வெளிச் சாப்பாட்டுக்குப் பொதுவாக அனுமதி இல்லை; கைக்குழந்தையின் உணவுக்கு விலக்கு உண்டா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். என் மாமியார் இந்த விதியை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டு, புளியோதரையை வழியிலேயே காரில் ஊட்டி முடித்துவிடுவார். பையில் ஓஆர்எஸ் பாக்கெட், பெரிய துண்டு இரண்டு, மாற்றுடை இரண்டு ஜோடி, தண்ணீரில் நனையலாம் என்கிற செருப்பு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மே மாதத்து சிமென்ட் தரை பிஞ்சுக் காலைப் பொசுக்கிவிடும். துண்டு ஏன் இரண்டு என்றால், எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நீங்கள் ‘ஜில்லென்று சுகமாக இருக்கிறது’ என்று நினைக்கும்போது அதற்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்திருக்கும். உதடு நீலம் பாரித்தால் பேச்சே இல்லை, வெளியே தூக்கித் துவட்ட வேண்டியதுதான்.

உள்ளே நுழைந்ததும் குழந்தையை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் ‘என்ன சட்டை போட்டிருந்தது?’ என்ற கேள்விக்குப் பதறிய மூளை பதில் சொல்லாது, போட்டோ சொல்லும். முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் போன் நம்பர். தண்ணீரில் இறங்கும் முன் ஒருமுறை பார்த்து, அழிந்திருந்தால் மறுபடி எழுத வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்தாது, கையை வீசாது. சத்தமே இல்லாமல், முழங்கால் ஆழத்தில்கூட, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருள்தான், உயிர் காக்காது. உயிர்காப்பாளர் நிற்கிறார், எல்லோரும் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பில்தான் யாருமே பார்க்காத நிமிடம் வரும். எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். பதினைந்து நிமிடத்துக்கு ஓர் ஆள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

அவள் பார்த்த பூங்கா

முதல் பயணத்துக்குத் திரும்புகிறேன். குட்டி ரயில் வாசலில் அழுத சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஒரு புங்க மரத்தடிக்கு வந்தேன். மாமியார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே, நம் ஊர்ப் பூங்காக்களில் எல்லாம் நிற்குமே, வாயைப் பிளந்துகொண்டு வயிற்றில் ‘யூஸ் மீ’ என்று எழுதிய பென்குயின் குப்பைத் தொட்டி. பெயின்ட் உரிந்து ஒரு கண் இல்லாமல் நின்றது.

சின்னவள் விசும்பலை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். கீழே கிடந்த சருகு ஒன்றை எடுத்துப்போய் அதன் வாயில் போட்டாள். காத்திருந்தாள். இன்னொன்று. பிறகு பாட்டியின் ஐஸ்கிரீம் குச்சி. “மெதுவா சாப்பிடு, விக்கும்” என்று அதனிடம் சொன்னாள். அந்த மரத்தடியைச் சுற்றிச் சருகே இல்லாமல் போகும்வரை ஊட்டினாள். நான் வாட்சைப் பார்த்தபடி, முடிக்காத ரைடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிற்பாடு ஊரிலிருந்து தாத்தா போன் செய்து “என்னம்மா பார்த்தே?” என்று கேட்டபோது, மற்ற எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை. “பென்குயினுக்குப் பசி தாத்தா, நான்தான் ஊட்டிவிட்டேன்.”

இந்த வருடம் மறுபடி போவதாக இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவில் நிற்கவைத்துக் குறித்தோம். 104. பென்சில் கோட்டைக் காட்டி, “இப்ப உன்னை ரயில்ல ஏத்துவாங்கடி” என்றான் அண்ணன், தானே வளர்ந்துவிட்டது போன்ற பெருமையோடு.

அவள் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “அம்மா, பென்குயின் இன்னும் அங்கேயே இருக்குமா?” என்றாள்.

இந்த முறை பட்டியல் அந்தப் புங்க மரத்தடியில் தொடங்குகிறது.