கேலி உண்டு, இழிவு கூடாது!

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்கி, நேரு விளையாட்டரங்கம் செல்லும் வரை நம் தோழர்களுக்கு வாய் ஓய்வதில்லை. "கேரளத்து மஞ்சள் சட்டை இன்று கோல் போட்டால் எல்லோருக்கும் டீ என் கணக்கு!" என்பார் ஒருவர். பெட்டியே சிரிக்கும். சிரிக்கட்டும்! உழைத்துக் களைத்தவனின் உரிமை அது.

ஆனால், ஆட்டத்தைக் கேலி செய்யும் நாக்கு, ஆட்டக்காரனின் மொழியையும் நிறத்தையும் பழிக்கலாமா?

2018 மார்ச் 17. பெங்களூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வீழ்த்திக் கோப்பை கொண்டது நம் சென்னையின் எஃப்.சி. தலையால் முட்டி இரண்டு கோல் தந்தவர் யார்? சைதாப்பேட்டைக்காரரா? இல்லை, பிரேசில் நாட்டு மெயில்சன் ஆல்வெஸ்! அவர் மொழி கேட்டோமா? நிறம் பார்த்தோமா? நம்மவர் என்று கொண்டாடினோம்!

நமக்காக ஆடும்போது தெரியாத நிறம், எதிரணியில் ஆடும்போது மட்டும் தெரிவானேன்? தோழர்களே, கேலி பேசுவோம், இழிமொழி பேசோம்!