வேலிக்கு அப்பால் ஒரு துணை

சாக்லேட்டைக் கடிக்கும்போது நடுவே ‘கடுக்’கென்று ஒரு பருப்பு அகப்படுகிறதல்லவா? அதுதான் ஹேஸல்நட். அது ஒரு புதர்ச் செடியில் காய்க்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்ததும் சென்னையில் கன்று தேடி அலையாதீர்கள். குளிர்காலம் ஒழுங்காக வந்து போகும் ஊரில்தான் அது காய்க்கும். ஆனால் உங்கள் பெண்ணோ பிள்ளையோ கிழக்கு அமெரிக்காவில் குடித்தனம் நடத்தினால் இந்தச் சங்கதி அவர்களுக்கு உதவும்.

சாக்லேட்டுக்குப் போவது ஐரோப்பிய ஹேஸல். உலகத்தில் அதிகமாக விளைவது துருக்கியில். அமெரிக்க மண்ணுக்கே சொந்தமான ஹேஸல் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. காய் சிறியது, ஓடு கனம். பருப்போ நல்ல தித்திப்பு. பத்தடி உயரம் வளரும். இலையுதிர் காலத்தில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறி வாசலுக்கே ஓர் அழகு தரும்.

ஐரோப்பியச் செடியையே நட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பூஞ்சை நோய் உண்டு. கிளைகளில் வரிசையாகக் கறுப்புக் கொப்புளங்கள் கிளம்பும். சில வருஷங்களில் ஐரோப்பியச் செடி பட்டுப்போகும். உள்ளூர்ச் செடி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கிறது. நோய்க்கு அசையாத ரகங்களுக்காக நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸ் சர்வகலாசாலை 1996 முதல் பாடுபட்டு, 2020-ல் சிலவற்றை வெளியிட்டது.

அதே நியூ ஜெர்ஸியில் என் சிநேகிதி ஒருத்தி 2013-ல் உள்ளூர்க் கன்று ஒன்றை நட்டாள். இரண்டு வருஷத்தில் அடியிலிருந்து பக்கக் கன்று கிளம்பிற்று. வாழை வளர்த்த கை சும்மா இருக்குமா? பிரித்து, மூன்றடி தள்ளி நட்டாள். இரண்டும் சேர்ந்து ஒரே புதராக மண்டின. 2016 முதல் பூவும் பூத்தது. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை.

2018-ல் அவள் கணவர், “தோண்டி எறிந்துவிட்டு ரோஜா வைக்கலாம்” என்று கடப்பாரையுடன் கிளம்பிவிட்டார். அப்போது அங்கே போயிருந்த அவள் அம்மா, “முதலில் யாரையாவது விசாரியுங்கள்” என்று தடுத்தாள்.

நர்ஸரிக்காரர் விஷயத்தைச் சொன்னார். ஹேஸலில் ஆண்பூ, பெண்பூ இரண்டும் ஒரே செடியில் உண்டு. ஆண்பூ, வால் போலத் தொங்கும் சரம். பெண்பூவோ, மொட்டின் நுனியில் குங்குமப்பூ இழை போல நாலைந்து சிவப்பு இழைகள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். குளிர் முடியும் சமயம் காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகும். ஆனால் செடி தன் மகரந்தத்தையே ஏற்பதில்லை. பக்கக் கன்று என்பதும் அதே செடிதான். வேறு விதையில் முளைத்த செடி 50 அடிக்குள் இருந்தால் நல்லது.

தனி மரம் தோப்பாகாது என்பது சரிதான். இன்னொன்றுக்கு இடம்? பக்கத்து வீட்டில் காலி நிலம் இருந்தது. அந்த அம்மாளோடு ஐந்து வருஷத்தில் ‘ஹலோ’வுக்கு மேல் பேச்சில்லை. சிநேகிதி தயங்கினாள். “ஏண்டி, கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?” என்று அம்மா தள்ளிவிட்டாள். கேட்டாள். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். நல்ல வெயில் படும், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, விதையில் வந்த இரண்டு கன்றுகளை வேலியோரம் சேர்ந்தே நட்டார்கள்.

2022-ல் காய்த்தது. ராமர் கோடு போடாத அந்த ஊர்ச் சாம்பல் அணில்கள் ஒன்று விடாமல் கொண்டுபோய்விட்டன!

மறு வருஷம் சிநேகிதி முந்திக்கொண்டாள். மேலுறையின் ஓரம் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் கொட்டை அசைந்து கொடுக்கும் சமயத்தில் பறித்துவிட வேண்டும். உள்ளே பரப்பி உலர்த்திக்கொள்ளலாம். ஒரு சிறு முறம் நிறையக் கிடைத்தது. வறுத்துப் பொடித்து நவராத்திரிக்குப் பர்பி செய்தாள். முதல் தட்டு வேலிக்கு அப்பால் போயிற்று.

நாலு காயை மட்டும் புதரிலேயே விட்டுவைத்தாளாம், அணிலுக்கு.