நாலங்குல வால்

இறம்பொடைச் சந்தியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, "இங்கே கொயில் எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்த ஒருவரை, அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக்கூடக் கவனியாமல், வெவண்டன் மலையில் எழுந்தருளியிருக்கும் ஆஞ்சநேயர் சந்நிதிக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு வேடிக்கைக் கதை இப்பக்கத்துக் கராஜ்களில் உலவிவருகிறது. கதை மெய்யோ பொய்யோ, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கொயிலைத் தேடி அலைவோரின் தொகை இம்மலைநாட்டில் பெருகியிருப்பது மெய்.

காரணம் வாசகர் அறிந்ததே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025இன் தொடக்கத்தில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, ஐந்தாண்டுக் காலம் இருந்த காரையே வைத்துக் காலந்தள்ளப் பழகிவிட்ட நம்மவர், கதவு திறந்த பின்னும் வரியையும் விலையையும் கண்டு திகைத்து, பழைய வண்டியின் மூடியையே மறுபடியும் திறந்துகொண்டு நிற்கின்றனர். 'பழைய காருக்குப் புதுப் பலம்' என்ற தலைப்பில் ஏதேனும் எழுதும்படி பத்திரிகாசிரியர் என்னைப் பணித்ததும் இதனாலேதான். ஆனால் பலத்தைப் பற்றி எழுதுவதற்காகப் புறப்பட்ட நான், இரண்டு கராஜ்களில் மூன்று பகற்பொழுதுகளைக் கழித்த பின், பலம் கெட்டுப்போகும் இடத்தைப் பற்றியே எழுத வேண்டியவனாகிவிட்டேன்.

பேராதனையிலிருந்து புறப்படும் ஏ-5 வீதி கம்பளையையும் புசல்லாவையையும் கடந்து இறம்பொடையை எட்டி, 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியை ஒரு புறத்தே காட்டிவிட்டு, அங்கிருந்து தேயிலைச் சரிவுகளை வளைத்து வளைத்து ஏறி, கடல்மட்டத்துக்கு 1868 மீற்றர் மேலுள்ள நுவரெலியாவை அடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே மழை ஓய்ந்தாலும் மூடுபனி ஓயாது. மூடுபனி விலகினாலும் காற்றிலுள்ள ஈரம் விலகாது. இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் எஞ்சினுக்குத் தேவைப்படும் தீப்பொறியோ சமதரையில் ஓடும் எஞ்சினுக்குத் தேவைப்படுவதினும் வலுவானது. ஏனெனில் அக்சிலறேற்றரை முழுவதும் மிதித்திருக்கும் வேளையில் சிலிண்டருக்குள் அமுக்கம் மிகுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்கு அதிக வோல்ற்று வேண்டியிருக்கிறது. ஆகவே வலுவான கொயிலொன்றை மாட்டிவிட்டால் ஏற்றத்தில் வண்டி விக்காது என்று ஒருவர் எண்ணுவதில் தவறில்லை.

அவ்வாறு எண்ணியவருள் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பதுகளில் செய்யப்பட்ட ஜப்பானியக் கார் ஒன்றைத் தம் பிள்ளையைப்போல் பேணி வருபவர். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் கொழும்பிலிருந்து புதுக் கொயிலும், அதனை இயக்கும் எலெக்ட்ரோனிக் பெட்டியும் தருவித்து மாட்டினார். மூன்று வாரம் கார் குதிரையாய் ஓடிற்று. நாலாம் வாரம், மழை விட்டு மூடுபனி இறங்கிய ஒரு மாலையில், இறம்பொடைக்கு மேலே மூன்றாவது வளைவில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. மறுநாட் காலை வெயில் பட்டதும், ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆயிற்று. இப்படி மூன்று முறை நிகழ்ந்த பின்னரே அவர் வயரிங் பாஸைத் தேடி வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன்.

பாஸ் கொயிலைத் தொடவே இல்லை. அதன் வாயில் செருகியிருந்த கறுப்புக் கனெக்டரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்தார். இரு டெர்மினல்களுள் ஒன்றில் பாசிபோல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பின்புறத்தில், ஒவ்வொரு வயரின் கழுத்திலும் இருக்க வேண்டிய சிறு ரப்பர் வளையங்களைக் காணவில்லை. பிறகு, கனெக்டரோடு பிறவியிலேயே வந்த நாலங்குல வயர் வாலும், யாரோ அதனோடு முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்த புதிய சிவப்பு வயரும் கூடுமிடத்தைப் பிரித்து, சிவப்பு வயரின் இழையொன்றைப் பிளேட்டால் சுரண்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. மற்றோர் இழையை லைட்டர் சுவாலையில் காட்டியபோது, அது சிவந்து பழுப்பதற்கு முன்பே துவண்டு, நுனியில் உருண்டு, அறுந்து விழுந்தது.

"சேர், இது செம்பு இல்ல. அலுமினியத்துக்குச் செம்பு பூசி வச்சிருக்கானுங்க. கொயிலுக்குக் காச அள்ளிக் குடுத்தீங்க, வயருக்கு யோசிச்சிட்டீங்க" என்றார் அவர்.

ஆசிரியர், தம் மாணாக்கன் முன் தாமே தவறான விடை சொல்லிவிட்டவர்போலத் தலையைத் தடவிக்கொண்டார்.

பள்ளியிலே நாம் படித்த ஓமின் விதிக்கு மேற்பட்ட சூட்சுமம் ஏதும் இதில் இல்லை. பொயின்ட் எனும் தொடுமுனை வைத்த பழைய கொயிலின் முதற் சுற்று ஏறக்குறைய 3 ஓம் தடையுடையதாதலால், 12 வோல்ற்று பற்றரியிலிருந்து அது இழுப்பது 4 அம்பியர். இக்காலத்து வலுவான கொயில்களின் தடை பெரும்பாலும் 1 ஓமுக்கும் குறைவு. பெட்டி இடையில் நின்று மட்டுப்படுத்தினாலும் உச்சத்தில் 7, 8 அம்பியர் ஓடும். களிம்பேறிய மூட்டொன்றில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டதென்று கொள்வோம். பழைய கொயில் 4 அம்பியரை இழுக்கும் கணத்தில் அம்மூட்டில் எழும் வெப்பம் 1.6 வாற்று, புதியது 8 அம்பியரை எட்டும் கணத்திலோ அதே மூட்டில் 6.4 வாற்று. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்மடங்காகும். அன்றியும் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றரியே 10 வோல்ற்றுக்கு இறங்கிவிடுமாகையால், வழியில் களவுபோகும் ஒவ்வொரு வோல்ற்றும் பொறியின் உயிரையே குறைக்கிறது. பழைய கொயிலோடு முப்பது வருஷம் சமாதானமாயிருந்த வயர், புதுக் கொயில் வந்த மாதத்தில் பகைவனாவது இதனாலேதான்.

இனி, அந்த நாலங்குல வாலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில், தீவின் உதிரிப்பாகமெல்லாம் வந்து குவியும் அத்தெருவிலே, கழித்த கார்களிலிருந்து வெட்டியெடுத்த கனெக்டர்கள் வாழைப்பூ மடல்போல் குலைகுலையாகத் தொங்குவதைக் கண்டவர் பலர். வெட்டுபவன் அவசரக்காரன், கனெக்டருக்கு நாலங்குலம் தள்ளிக் கத்தரித்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவான்; அந்த நாலங்குல மிச்சமே வால். மூன்று முள், நான்கு முள் கொயில்களுக்குரியவற்றில், உருவம் ஒன்றாயிருந்தாலும் முள்ளின் வரிசை ஒன்றாயிருக்குமென்ற நிச்சயமில்லை. எது 12 வோல்ற்று, எது எர்த், எது பெட்டியின் கட்டளை, எது திரும்பிச் செல்லும் தகவல் என்று அறியாமல் நிறத்தைக் கொண்டு ஊகித்துச் சேர்த்து, சாவி திருப்பிய கணத்திலேயே கொயிலைச் சாகடித்தவர்களும் உண்டு. மொரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்கள் பொசிட்டிவ் எர்த் முறையில் பிறந்தவையாதலால், அவற்றில் இக்காலத்துப் பெட்டியை மாட்டுவோர் பெரும்பாலும் முதலில் பற்றரியின் முனைகளையே மாற்றியாக வேண்டுமென்பது தனிக் கதை.

கழித்த கனெக்டர் எல்லாமே ஆகாது என்பதன்று என் கருத்து. அதன் பிளாஸ்டிக் கூடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது உள்ளேயிருக்கும் பெண் டெர்மினலின் வில்தன்மை. ஆகவே பாஸ் செய்தது இதுதான்: ஊசிபோன்ற ஒரு கருவியை முன்வாய்க்குள் விட்டு, டெர்மினலைப் பிடித்திருக்கும் சிறு நாக்கை அமுக்கி, வாலோடு அதனை உருவி எறிந்தார், கூட்டை மட்டும் கழுவி வெயிலில் வைத்தார். புதுச் செம்பு வயரில் முதலில் ரப்பர் வளையத்தைக் கோத்து, தோலை உரித்து, புதிய டெர்மினலின் முன்னிரண்டு சிறகுகள் இழைகளையும் பின்னிரண்டு சிறகுகள் ரப்பரையும் தழுவும்படி, பல் வைத்த குறட்டால் இரண்டு முறை அழுத்தினார். பின்பு வயரைப் பலமாக இழுத்துப் பார்த்தார். கூட்டுக்குள் தள்ளியபோது 'டிக்' என்று ஓர் ஓசை கேட்டது. "இந்தச் சத்தம் கேக்கலேன்னா நான் போனட்ட மூடமாட்டேன்" என்றார். சாவி வழியே வந்த பழைய வயரை இனிக் கொயிலின் பாரத்தைச் சுமக்க வைக்காமல், ஒரு ரிலேயைத் தட்டியெழுப்பும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பற்றரியிலிருந்தே பியூஸ் வைத்து 2 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரொன்றை நேரே இழுத்துவந்தார். மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தது.

இத்தனை பாடு எதற்கு, பழைய பொயின்ட்டே போதும், நடுவழியில் நின்றாலும் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்து மறுபடி ஓட்டலாமே என்பார் சில முதியவர். அதிலும் நியாயமுண்டு, இருக்கட்டும்.

என்னை உறங்கவிடாமல் செய்வது அச்சிவப்பு வயரே. அலுமினியத்தின் மின்கடத்துந் திறன் செம்பினதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு. அழுத்திப் பிடித்த இடத்தில் அது நாளடைவில் தளர்ந்து கொடுக்கும். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அரிப்பும் சொல்லாமலே தொடங்கிவிடும். மேற்பூச்சுக்குச் செம்பின் நிறம் இருப்பதனால் கடையில் எடுத்துப் பார்ப்பவன் கண்ணுக்கு வித்தியாசம் தோன்றாது. கையில் நிறுத்துப் பார்த்தால் இலேசாயிருக்கும், அவ்வளவே. இதே வயர் இன்று விளக்குக்கும் ஹோர்னுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் போகிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களுக்குள்ளும் எங்கேனும் போயிருக்குமோ என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது. பியூஸ் வைக்காத ஒரு வயர் எஞ்சினின் சூட்டருகே உரசிக் கிடந்து, எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பொறி தட்டுமானால், நட்டம் கொயிலோடு நிற்காது.

ஆகவே கொழும்பிலிருந்து கொயில் தருவிக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நுவரெலியா பஸ்ஸில் வரும் அதே பொதிக்குள், முழுச் செம்பு வயர் மூன்று மீற்றரும், அந்தக் கனெக்டருக்கேற்ற புதிய டெர்மினல்களும், ரப்பர் வளையங்களும் வைக்கும்படி கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதி வந்ததும் முதலில் வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.