தாடை வீங்கும்வரை காத்திருக்காதீர்கள்!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கால்நடை மருந்தகத்தில் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். சாக்கில் சுற்றிய ஆட்டை மடியில் கிடத்தி, வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருவார்கள். அதன் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். கீழ் இமையை விலக்கினால் உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். "நேத்து வரைக்கும் மேஞ்சுதுங்க சார்" என்பார்கள். ஆனால் அதன் ரத்தம் பல நாட்களாகக் குறைந்துகொண்டே வந்திருக்கும்.

ரத்தம் குடிக்கும் புழு

ஹீமாங்கஸ் என்ற இரைப்பைப் புழுதான் இதற்குக் காரணம். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி போய்விடும். 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே சுமார் ஒன்றரை லிட்டர்தான். பெண் புழு ஒரே நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் அவை தொற்றக்கூடிய இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறிவிடும். மழைக்குப் பிறகு கூட்டம் கூடுவது இதனால்தான்.

பட்டியில் உலவும் தவறான நம்பிக்கைகள்

"கழிச்சலே இல்லையே, பூச்சி எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்காது. புழுக்கை கெட்டியாகவே விழும், ஆடு மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். கழிச்சலுக்காகக் காத்திருந்தே பலர் ஆட்டை இழக்கிறார்கள்.

"தொண்டை அடைப்பான்" என்று வீக்கத்தில் சூடு போடுகிறார்கள்; சிலர் ஊசியால் குத்தி நீரை வெளியேற்றுகிறார்கள். ரத்தத்தோடு புரதமும் போனதால் கோத்த நீர் அது. சூட்டால் வடியாது, சீழ்தான் பிடிக்கும். சாகக் கிடக்கும் வாயில்லாப் பிராணியை மேலும் வதைக்காதீர்கள்.

மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவதும், புகையிலையைக் காய்ச்சி ஊற்றுவதும் இன்னும் நிற்கவில்லை. துத்தத்தில் இருப்பது தாமிரம். செம்மறிக்கு அது சிறிது கூடினாலும் ஈரல் கெடும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. புழு சாவதற்கு முன் ஆடு செத்துவிடும்.

"மாசாமாசம் தவறாம மருந்து ஊத்துறேன் சார்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம். தயாபென்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் புழுக்கள் பதிவாகிவிட்டன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். பிறகு அவசரத்துக்கும் அந்த மருந்து உதவாது.

கடையில் வாங்கி நீங்களே ஊற்றுகிறீர்களா?

"ஒரு மூடி" என்பது அளவில்லை. எடை பார்க்காமல் குறைத்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். லெவமிசோல் போன்ற மருந்து கூடினால் ஆட்டுக்கு எச்சில் வடிந்து நடுக்கம் வரும். பல மருந்துகளில் செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. ஆல்பென்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கி ஊற்றினால் மருந்து புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல் ஊற்றிவிட்டு, மூச்சுத் திணறும் ஆட்டோடு வந்து நிற்கிறார்களே என்று மனம் நோகிறது.

பரிசோதனை

ஒரு கைப்பிடி புதுப் புழுக்கை போதும். முட்டைகளை எண்ணிச் சொல்லிவிடலாம். மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எண்ணினால், மருந்து கேட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் விலக்கிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். நல்ல சிவப்பு முதல் வெளுப்பு வரை அதில் ஐந்து படிகள் உண்டு. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். ஒரு மந்தையில் பெரும்பாலான புழுக்களைச் சில ஆடுகள்தான் சுமக்கின்றன. மற்றவற்றை விட்டுவைத்தால், அவற்றிலிருந்து வரும் மருந்துக்கு அடங்கும் புழுக்கள் அடங்காதவற்றோடு கலந்து மருந்தின் வீரியத்தைக் காக்கும்.

பனி உலரும்முன் மந்தையை ஓட்டாதீர்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்துப் புல்லில் குட்டிகளை மேய விடாதீர்கள். சந்தையில் வாங்கிய ஆட்டைப் புழுக்கை சோதிக்கும்வரை தனியே கட்டுங்கள். ஈனும் தறுவாயில் தாயாட்டின் புழுக்கையில் முட்டை கூடும். அப்போது கூடுதல் கவனம் வையுங்கள்.

குட்டியை விற்றுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறீர்கள், மகளுக்குச் சீர் செய்கிறீர்கள். அந்த ஆட்டின் இமையை விலக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்தகத்துக்கு வந்துவிடுங்கள். சாக்கில் சுற்றித் தூக்கிவர வேண்டாம், அது தானே நடந்து வரட்டும்.